பன்னிரண்டாம் வாரத்துப் பதில்

சாலையோர விளம்பரப் பலகையைப் படிக்க ஒரு மனிதன் மூன்று வினாடி ஒதுக்குவான் என்று என் தொழிலில் இருப்பவர்கள் சொல்வார்கள். நான் இரண்டு என்றே வைத்துக்கொள்வேன். மனிதர்களிடம் கொஞ்சம் குறைவாக எதிர்பார்த்துப் பழகினால் ஏமாற்றமும் குறையும். பதிவுக் கருவியை என் பக்கம் சற்று நகர்த்துங்கள். குரலை உயர்த்திப் பேசும் வழக்கம் எனக்கு இல்லை. போதும், அங்கேயே இருக்கட்டும்.

என் எழுபத்தைந்தாவது பிறந்த நாளுக்கு நகர நல மன்றம் சிறப்பு மலர் கொண்டுவருகிறது, அதைத் தொகுக்க உங்களை அனுப்பியிருக்கிறார்கள். பொருளடக்கத்தைப் பார்த்தேன். 'உழைப்பு', 'தொலைநோக்கு', 'எளிமை'. எளிமைக்கு மட்டும் பதினாறு பக்கம், அத்தனையும் வண்ணத்தில். அந்தத் தலைப்பில் என்னிடம் கேட்க ஒன்றுமில்லை. நகரத்துப் பூங்காக்களில் என் பெயர் பொறித்த பெஞ்சுகள் நாற்பத்திரண்டு இருக்கின்றன. மக்கள் அந்தப் பெயரின் மேல்தான் உட்காருகிறார்கள். ஒரு மனிதன் இதற்கு மேல் எளிமையாக இருப்பது உடம்புக்கு ஆகாது.

நீங்கள் கேட்டது என் தம்பியைப் பற்றி. பதினான்கு வருடத்தில் இதை நேராகக் கேட்ட முதல் ஆள் நீங்கள்தான். சொல்கிறேன். மலரின் புரூஃப் எப்படியும் என்னிடம்தான் வரும், ஆகவே நீங்கள் பயப்படாமல் எழுதிக்கொள்ளலாம்.

நிறுவனத்தை நான் தொடங்கியபோது எனக்கு முப்பத்தொன்று, அவனுக்குப் பத்தொன்பது. ஒரு செருப்புக் கடையின் மாடியில் இரண்டு மேசை. ஒன்றில் நான் உட்கார்ந்து வாடிக்கையாளர்களிடம் பேசுவேன், இன்னொன்றில் அவன் உட்கார்ந்து வாசகம் எழுதுவான். பிற்பாடு ஐந்து மாடி ஆனபோதும் ஏற்பாடு மாறவில்லை. ஊழியர்களுக்கு நான் பெரியவர், அவன் சின்னவர். அவன் எழுதிய வாசகங்களை உங்கள் மலரில் 'நிறுவனரின் பொன்மொழிகள்' என்று இரண்டு பக்கத்துக்குப் போட்டிருக்கிறீர்கள். நல்ல தேர்வு. அவனுக்கு அதில் வருத்தம் இருந்ததே கிடையாது. நான் பரிசு வாங்கிக்கொண்டு மேடையிலிருந்து இறங்கும்போது, "மூஞ்சி உன்னுது, மூளை என்னுது, கம்பெனி நல்லா ஓடுது" என்று காதோரம் சொல்வான். வாய்த்துடுக்கு. ஆனால் என்னிடம் மட்டும்தான் சொல்வான்.

நாற்பத்தொன்பதாவது வயதில் அவனுக்கு இரண்டு சிறுநீரகமும் கைவிட்டன. வாரத்துக்கு மூன்று நாள், நாளுக்கு நான்கு மணி நேரம் டயாலிசிஸ். இதயமும் வீங்கியிருந்தது. மாற்றுச் சிறுநீரகம் வைக்க வேண்டும், சீக்கிரம் வைக்க வேண்டும் என்று டாக்டரம்மா சொன்னார். முதலில் தம்பி மனைவி பரிசோதனை செய்துகொண்டாள். சேரவில்லை. குழந்தைகள் இல்லை. மிச்சம் இருந்தது நான்.

முடிவு வந்ததும் டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். "உங்க தம்பிக்கு உங்களை மாதிரிப் பொருத்தமான ஆள் வேற எங்க தேடினாலும் கிடைக்க மாட்டாங்க சார். ஒரே அச்சு."

அந்த நிமிடத்தில்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. யோசனைகள் வரும் நேரத்தை யாரும் தீர்மானிக்க முடியாது. நான் ஒரு மாதிரி அமைதியாகிவிட்டேன். நான் பயந்துவிட்டதாக அவர் நினைத்துக்கொண்டார். பயப்படுகிறவர்களுக்கென்று டாக்டர்களிடம் ஒரு முறை இருக்கிறது. கொடுக்க மனமில்லாதவரைக் குடும்பம் பிடுங்கியெடுக்கக் கூடாது என்பதற்காக, வெளியே 'பொருந்தவில்லை' என்று மட்டும் சொல்லிவிடுவார்கள். உள்ளே நடந்தது உள்ளேயே இருக்கும். அப்படியே சொல்லிவிடுங்கள் என்றேன். ஆனால் நான் கொடுக்கப் போகிறேன் என்றும் சொன்னேன். தேதியும் சொன்னேன்.

அவர் நாட்காட்டியைப் புரட்டிப் பார்த்தார். "பன்னிரண்டு வாரம் ஆகுதே சார். எதுக்கு அவ்வளவு நாள்? அவர் இதயம் இருக்கிற நிலைக்கு எட்டு வாரத்துக்கு மேல என்னால எந்த உறுதியும் குடுக்க முடியாது."

உறுதி என்பது எங்கள் தொழிலில் நாங்கள் கொடுப்பது, டாக்டர்கள் கொடுப்பதல்ல என்று சொல்லிவிட்டு எழுந்தேன். கொஞ்சம் நகைச்சுவையாகத்தான் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. படித்தவர்களுக்கு நகைச்சுவை உணர்வு குறைவு.

இந்த இடத்தில் எங்கள் தொழிலின் ஒரு முறையை உங்களுக்கு விளக்க வேண்டும். டீசர் என்போம். பொருளைக் காட்டாமல் முதலில் கேள்வியை மட்டும் ஊர் முழுக்க மாட்டிவிடுவது. 'அவள் எங்கே போனாள்?' என்று எட்டு வாரம் கேட்டுக்கொண்டே இருப்போம், ஊர் மண்டையை உடைத்துக்கொள்ளும், ஒன்பதாவது வாரம் அவள் ஒரு புது மெத்தைக் கடையில் தூங்கிக்கொண்டிருப்பாள். இதற்கு விதி இரண்டே இரண்டு. பதில் ஒருவருக்கு மட்டுமே தெரிந்திருக்க வேண்டும். குறித்த தேதிக்கு முன்னால் வானமே இடிந்து விழுந்தாலும் பதிலைச் சொல்லக் கூடாது. ஒரு பிஸ்கட் நிறுவனத்தின் முதலாளி பொறுக்க மாட்டாமல் ஐந்தாவது வாரமே பதிலை உளறினார். அந்த பிஸ்கட்டை நீங்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள்.

நகர நல மன்றத்தின் சார்பில் உறுப்பு தானப் பிரசாரம் ஒன்றை நான் தொடங்கினேன். முகம் என் தம்பியுடையது. பன்னிரண்டு வாரம் கேள்வி. பன்னிரண்டாவது வாரக் கடைசியில் நகர அரங்கத்தில் மேடை, அங்கே பதில். பதில் நான். பதிமூன்றாவது வாரம் மேயர் தேர்தல். அது தற்செயல் என்று சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டேன். நாட்காட்டியைப் பார்த்துத்தான் குறித்தேன். ஒரே கல்லில் எத்தனை மாங்காய் என்று பாருங்கள்: தம்பிக்கு உயிர், ஊருக்கு விழிப்புணர்வு, நகரத்துக்கு நல்ல மேயர்.

வாசகத்தை அவன்தான் எழுதினான். 'யாராவது இருக்கிறீர்களா?' என்று எழுதிக் கொடுத்தான். நான் திருத்தினேன். யாராவது இருக்கிறீர்களா என்பது கையேந்துவது. 'எனக்கென்று ஒருவர் இருக்கிறார். அவர் யார்?' என்று மாற்றினேன். அவன் அதை இரண்டு முறை படித்துவிட்டு, "இருக்கார்னு எப்படிண்ணே சொல்ற?" என்று கேட்டான். "விளம்பரம்டா" என்றேன்.

புகைப்படம் எடுக்கிற அன்று சவரம் செய்து, தலை வாரி, நல்ல சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தான். புகைப்படக்காரரைத் திருப்பி அனுப்பிவிட்டு, மூன்று நாள் கழித்து, டயாலிசிஸ் முடிந்து அவன் எழுந்திருக்கும் நேரமாகப் பார்த்து வரச் சொன்னேன். அந்தப் படம்தான் நீங்கள் பார்த்தது. உலகத்தரமான படம்.

அறுபது இடங்களில் மாட்டினோம். நான்காவது வாரத்துக்குள் ஊரே அந்த ஒருவரைத் தேட ஆரம்பித்துவிட்டது. பேருந்தில் அதே பேச்சு, வங்கி வரிசையில் அதே பேச்சு. அவனுக்கு ஒரு பழைய காதலி இருக்கிறாள், அவள்தான் வரப்போகிறாள் என்று ஒரு பத்திரிகை எழுதியது. தம்பி மனைவி என் அறைக்கு வந்து நின்றாள். கோபமாக வந்தவள், நின்றதும் கோபம் போய்விட்டது போலிருந்தது. "கடைக்குப் போனா இவர் மூஞ்சி, பஸ் ஏறினா இவர் மூஞ்சி. வீட்டுலதான் இல்ல மாமா. வாரத்துல பாதி நாள் ஆஸ்பத்திரியிலயே கிடக்கார். உங்க பலகையெல்லாம் பாத்து யாராச்சும் வந்தாங்களா? அதை மட்டும் சொல்லுங்க" என்றாள். வருவார்கள் என்றேன். அது பொய்யல்ல.

ஆனால் வேறொருவர் வந்துவிட்டார். எந்தத் திட்டத்திலும் இப்படி ஒரு இடைஞ்சல் வரும்.

எங்களுக்குப் பலகை ஒட்டுகிறவர் ஒருவர் இருந்தார். ஏணி, வாளி, தூரிகையோடு ஊரைச் சுற்றுகிறவர். பசை என்பதுதான் ஆபீஸில் அவருக்குப் பெயர், நிஜப் பெயர் சம்பளப் பட்டியலில் இருந்திருக்கும். அறுபது இடத்திலும் என் தம்பியின் முகத்தைத் துண்டு துண்டாக ஒட்டியவர் அவர்தான். ஆறாவது வாரம் என் அறை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். யாரிடமும் சொல்லாமல் மருத்துவமனைக்குப் போய் ரத்தம் கொடுத்து, எல்லாப் பரிசோதனையும் முடித்து, பொருந்துகிறது என்று சீட்டும் வாங்கிக்கொண்டு வந்திருந்தார்.

"சின்னவர் கண்ணை நான்தான் சார் ஒட்டறேன். ஒரு கண்ணு மட்டும் ஒரு ஆள் உயரம் இருக்கும். ஏணியில நின்னா நேரா என்னையத்தான் பாக்கறார். எனக்கு ரெண்டு இருக்கில்ல சார், ஒண்ணு போனா என்ன" என்றார்.

எதுவும் எதிர்பார்க்கிறீர்களா என்று கேட்டேன். புரியாமல் பார்த்தார். பிறகு புரிந்து, கொஞ்சம் வெட்கப்பட்டு, "ஏணி ஏற ஒரு மாசம் லீவு மட்டும் வேணும் சார்" என்றார்.

சொந்தக்காரர் அல்லாதவர் உறுப்பு கொடுப்பதென்றால் ஒரு குழு அவரை விசாரித்து, கட்டாயமோ ஆசைகாட்டலோ இல்லை என்று சான்று தர வேண்டும். நகர நல மன்றத் தலைவர் என்ற முறையில் அந்தக் குழுவுக்கும் நானே தலைவர். நான் மனசாட்சிப்படி யோசித்தேன். முதலாளியின் தம்பிக்கு, அந்த முதலாளியிடம் கூலி வாங்கும் ஆள் சிறுநீரகம் கொடுக்கிறார். பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? 'விண்ணப்பதாரர் நோயாளியின் குடும்பத்தைச் சார்ந்து பிழைப்பவர். அவரது சம்மதம் சுதந்திரமானது என்று கருத இயலாது' என்று எழுதிக் கையெழுத்திட்டேன். இன்று எந்த வழக்கறிஞரிடம் வேண்டுமானாலும் காட்டுங்கள், ஒரு எழுத்தை மாற்ற மாட்டார். தொழிலாளர் நலனில் நான் காட்டிய அக்கறையைப் பாராட்டிக் குழு உறுப்பினர் ஒருவர் கைகுலுக்கினார். 'எளிமை' அத்தியாயத்தில் இடம் இருந்தால் இதையும் சேர்க்கலாம்.

கேள்விக்கு ஆறாவது வாரமே, அதுவும் வாளியும் கையுமாக ஒரு பதில் கிடைத்துவிட்டால் மீதி ஆறு வாரம் பலகைகள் எதற்கு நிற்க வேண்டும்? இதை நான் குழுவிடம் சொல்லவில்லை. அவர்களுக்கு விளம்பரம் புரியாது.

எட்டாவது வாரம் டாக்டரம்மா தொலைபேசியில் கூப்பிட்டார். தம்பிக்கு மூச்சு வாங்குகிறது, இனி நாட்களை எண்ண வேண்டியதுதான் என்றார். அறுவைக்கு முன்னால் எனக்குச் செய்ய வேண்டிய சோதனைகளுக்கு மூன்று முறை நேரம் கொடுத்தும் நான் வரவில்லை என்றும் சொன்னார். பிரசாரக் கூட்டங்கள் இருந்தன. போக முடியவில்லை.

ஒன்பதாவது வாரம் அவனைப் பார்க்கப் போனேன். டயாலிசிஸ் அறையின் ஜன்னலுக்கு எதிரே உள்ள கட்டடத்தின் மேல் எங்கள் பலகை ஒன்று இருந்தது. அந்த இடத்தை நானே பார்த்துத் தேர்ந்தெடுத்தேன், அவனுக்கு உற்சாகமாக இருக்கட்டும் என்று. கையில் குழாய்கள் செருகி, நான்கு மணி நேரம் அவன் தன் முகத்தையே பார்த்துக்கொண்டு கிடப்பான்.

"அண்ணே, பதில் தெரியாம கேள்வி மாட்டக் கூடாதுன்னு நீதானே சொல்லுவ?" என்றான்.

"ஆமா."

"அப்போ உனக்குத் தெரியும்."

நான் அவன் போர்வையைச் சரிசெய்தேன்.

"எலெக்‌ஷன் பதிமூணாவது வாரம்" என்றான். கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். வாடிக்கையாளர் தலையைச் சொறிந்துகொண்டு போன பிறகு வாசகத்தைப் பிடிக்க அவன் அப்படித்தான் பார்ப்பான். பிறகு மெல்லத் தலையைத் திருப்பினான். "நீயா?"

நான் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. விதி விதிதான்.

அவன் சிரித்தான். சிரிப்பு இருமலாகி, நர்ஸ் வந்து நிமிர்த்தி உட்காரவைத்துவிட்டுப் போனாள். "நல்ல ஐடியாண்ணே" என்றான். "எனக்கே தோணியிருக்காது."

முப்பது வருடத்தில் அவன் என் யோசனை ஒன்றைப் பாராட்டியது அதுதான் முதல் தடவை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதை நான் மறைக்கவில்லை.

"தேதியை மட்டும் கொஞ்சம் முன்னாடி வெச்சிருக்கலாம்" என்றான்.

"பலகையெல்லாம் புக் பண்ணியாச்சுடா. மூணே வாரம். பல்லைக் கடிச்சுக்கிட்டு இரு."

"கடைசிப் பலகைக்கு வாசகம் யார் எழுதறா?"

"நீதான்" என்றேன். வேறு யார் இருக்கிறார்கள்?

பேனா கேட்டான். மாத்திரை அட்டையின் பின்பக்கத்தில் ஒரே ஒரு சொல் எழுதிக் கொடுத்தான். 'நான்தான்.' அவ்வளவுதான். அதன் கீழே என் படம். ஒரு வாசகத்தில் அதற்கு மேல் ஒரு புள்ளிகூடத் தேவையில்லை.

அவன் தன் மனைவியிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அன்று சாயங்காலமே அவள் என் வீட்டுக் கதவைத் தட்டியிருப்பாள், அவள் பின்னால் நான்கு பத்திரிகைக்காரர்கள் நின்றிருப்பார்கள், அந்த வாரக் கடைசிக்குள் நான் அறுவை மேசையில் படுத்திருப்பேன், அவன் பிழைத்தும் இருப்பான். ஒரு வார்த்தை போதும். அவன் வாயைத் திறக்கவில்லை. அதற்கப்புறம் நான் போனபோதெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தான். தொழில் ரகசியத்தை அவன் அளவுக்குக் காப்பாற்றியவர்கள் யாரும் இல்லை. இதை மலரில் கொட்டை எழுத்தில் போடலாம்.

பத்தாவது வாரம் செவ்வாய்க்கிழமை காலை, பதில் பலகைக்கு என் படங்கள் இரண்டு மேசைக்கு வந்திருந்தன. ஒன்றில் சிரிக்கிறேன், ஒன்றில் சிரிக்கவில்லை. சிரிக்காததைத் தேர்ந்தெடுத்து ஓரத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது மருத்துவமனையிலிருந்து சொன்னார்கள். டயாலிசிஸ் நாற்காலியில் சாய்ந்தபடியே போய்விட்டான். ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு.

நான் பத்து நிமிடம் எதுவும் செய்யவில்லை. பிறகு, அறுபது பலகைகள் இன்னும் இரண்டு வாரத்துக்கு நம்முடையவை என்பது ஞாபகம் வந்தது. ஊர் பதிலுக்குக் காத்திருந்தது. எழுதித் தர ஆள் இல்லை, எழுதுகிறவன் போய்விட்டான். நானே உட்கார்ந்து எழுதினேன். என் வாழ்க்கையில் முழுக்க நானே எழுதிய வாசகம் அது ஒன்றுதான். அதே படம், பின்னணி மட்டும் கறுப்பு. 'அவர் வரவில்லை.'

பெரியவர்கள் சாலையில் நின்று அழுதார்கள். ஒரே வாரத்தில் தானத்துக்குப் பதிவு செய்தவர்கள் பதினோராயிரம் பேர். 'நான்தான்' என்று போட்டிருந்தால் இதில் பாதிகூட வந்திருக்காது, அதை ஒரு தொழில்காரனாகச் சொல்கிறேன். தம்பியைக் கேட்டிருந்தாலும் இந்த வாசகத்தைத்தான் வைக்கச் சொல்லியிருப்பான்.

பலகைகளை ஒட்டியது பசைதான். ஒரு சுருக்கம் விழாமல் அறுபதையும் ஒட்டி முடித்துவிட்டு வாளியோடு வந்து என் அறையில் நின்றார். செருப்பைக் கழற்றவில்லை.

"யார் சார் வரல?" என்றார். "நான் வந்தேனே."

அடுத்த மாதத்திலிருந்து அந்த வேலையை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டேன். துக்கத்தில் இருக்கிறவரை ஏணி ஏற்றுவது ஆபத்து.

மேயர் தேர்தலில் என்னை எதிர்த்தவர்கள் பாவம், என்ன பேசுவது என்று தெரியாமல் எல்லோருமே என் தம்பிக்கு அஞ்சலி செலுத்திப் பேசினார்கள். நான் பேசவே வேண்டியிருக்கவில்லை. மருத்துவமனையின் சிறுநீரகப் பிரிவுக்கு அவன் பெயரை வைத்தேன். திறப்பு விழாவில் ரிப்பனை வெட்டும்படி தம்பி மனைவியைக் கூப்பிட்டேன். கத்தரிக்கோலை வாங்கித் தட்டிலேயே திரும்ப வைத்துவிட்டுப் போய்விட்டாள். எதையும் கண்டுபிடித்தாள் என்று நான் நினைக்கவில்லை. துக்கம் மனிதர்களை நாகரிகம் இல்லாதவர்களாக்கிவிடுகிறது.

பதவியேற்று இரண்டாவது வாரம் டாக்டரம்மா மேயர் அலுவலகத்துக்கு வந்தார். உட்காரவில்லை. பள்ளி வேன் ஓட்டுநர் ஒருவர் இருக்கிறார், நாற்பத்தொரு வயது, தம்பியின் அதே ரத்த வகை, உங்களுடையது அவருக்குப் பொருந்த நல்ல வாய்ப்பிருக்கிறது, கொடுப்பதாக என்னிடம் சொன்னீர்களே, இவருக்குக் கொடுக்கிறீர்களா என்று கேட்டார். பிரசாரம் முடிந்துவிட்டதே டாக்டர் என்றேன்.

"ஒண்ணு மட்டும் தெரிஞ்சுக்கணும் சார். வெளியில சொல்ல மாட்டேன், சொல்லவும் எனக்கு உரிமை இல்ல. உங்க தம்பி அந்தப் பன்னிரண்டாவது வாரம் வரைக்கும் இருந்திருந்தா, நீங்க நெஜமாவே குடுத்திருப்பீங்களா?"

அநாகரிகமான கேள்வி. ஆனால் அந்தக் கேள்வியை நான் என்னையே பலமுறை கேட்டுக்கொண்டவன் என்பதால் கோபப்படவில்லை. அவருக்குச் சொன்ன பதிலையே உங்களுக்கும் சொல்கிறேன், ஒரு சொல் மாறாமல் எழுதிக்கொள்ளுங்கள். நகர அரங்கம், இரண்டாயிரம் பேர், முன் வரிசையில் சக்கர நாற்காலியில் என் தம்பி. விளக்குகளை அணைத்துவிட்டு என் மேல் மட்டும் ஒளி விழும்படி ஏற்பாடு. அந்த மேடையில் நின்று நான் அறிவித்திருப்பேன். அதில் எனக்கு இன்றுவரை துளிகூடச் சந்தேகம் இல்லை.